கர்னல் கையால் நூற்றெட்டுத் தேங்காய்

என் மகளின் கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போனதற்கு ஒரு மத்திய மந்திரியின் வலது கைதான் காரணம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அந்த மந்திரிக்கே அது ரொம்ப நாள் தெரியாது. தெரிந்தவர்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, பழவங்காடிப் பிள்ளையார். மூவரில் வாயைத் திறந்து அவரிடம் சொல்ல வேண்டியவன் நான். அதுதான் சிக்கலே.

பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ப்புறம் எனக்குத் தேங்காய்க் கடை. கடை என்றால் நாலு கம்பு, மேலே ஒரு தார்ப்பாய், கீழே சாக்கு விரித்துக் குவித்த காய். திருவனந்தபுரத்தில் யார் எதைத் தொடங்கினாலும், பரீட்சையோ புது வண்டியோ கோர்ட்டு வழக்கோ, இங்கே வந்து ஒரு சிதறுகாய் போட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் சாலைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேச வராது. தேங்காய் விற்க அதிகம் பேச வேண்டியதில்லை. வருகிறவர் விரலைக் காட்டுவார், நான் எடுத்துக் கொடுப்பேன். இந்தத் தொழில் எனக்கு ஒத்துப்போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கோயில் ராணுவத்தின் பொறுப்பில் இருப்பது. அதனால் உடுப்புப் போட்டவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்படி வந்தவர்தான் கர்னல். ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்தில் பிறந்து, மீசை முளைக்கிற வயதில் பட்டாளத்துக்குப் போய், கிழக்கு எல்லையில் சண்டை போட்டு, பனிமலையில் வருஷக்கணக்காகக் கிடந்து, கடைசியில் சொந்த ஊர் முகாமுக்கே அதிகாரியாக வந்தவர். சண்டையில் தெறித்த ஒரு இரும்புத்துண்டு அவருடைய வலது தோளில் அப்படியே தங்கிவிட்டது என்று கூட வந்த சிப்பாய்கள் சொல்வார்கள். ஆனாலும் அந்தக் கையால்தான் எறிவார். அவர் போட்ட காய் உடைகிற சத்தம் தனியாகக் கேட்கும்.

"என்னய்யா, இன்னிக்குக் காய் நன்னா இருக்கா?" என்பார்.

"ஆமா சார்" என்பேன். எங்கள் பழக்கம் பல வருடம் இந்த இரண்டு வார்த்தையிலேயே ஓடியது.

ஓய்வு பெற்றதும் ஸ்ரீவராகத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவுக்கு அடுத்த தெருவில் குடிவந்தார். சும்மா இருக்கிற ஆள் இல்லை. குடியிருப்போர் சங்கத்தைக் கையில் எடுத்தார். அடைத்துக் கிடந்த ஓடையைத் திறக்கும் வரை கார்ப்பரேஷன் ஆபீஸ் வாசலில் தினமும் போய், இஸ்திரி மடிப்பு கலையாமல் நின்றார். கூட்டம் போட்டுக் கத்துவது கிடையாது. நிற்பார், அவ்வளவுதான்.

ஒருநாள் கிழக்கேகோட்டைப் பக்கம் நடைபாதைக் கடைகளை எடுக்க லாரி வந்தது. என் தார்ப்பாயை ஒருவன் பிடித்து இழுத்துவிட்டான். பக்கத்தில் பூ விற்கும் சேச்சி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் ஒரு தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு மரம்போல நின்றேன். அப்போது கர்னல் கோயிலிலிருந்து வந்தார். லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, தாழ்ந்த குரலில் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லாரி பின்னால் போனது. எங்கள் வரிசைக் கடைகள் தப்பின.

அன்று முதல் என் மனைவிக்கு அவர் மனிதர் இல்லை. வீட்டில் விளக்கேற்றும்போது கும்பிடுகிற பெயர்களில் அவருக்கும் ஒரு இடம் கிடைத்தது. என் பெயர் அந்தப் பட்டியலில் உண்டா என்று நான் கேட்டதில்லை.

பிறகு ஒரு தேசியக் கட்சி அவரைத் தேடி வந்தது. தேர்தலில் நின்றார். பதக்கங்களும் மீசையுமாகச் சுவரெல்லாம் அவர் படம். அவர் மனு கொடுத்த அன்று என் மனைவி கோயிலுக்குப் போய், எனக்கும் சொல்லாமல் அவருக்கும் சொல்லாமல், ஒரு நேர்த்திக்கடன் போட்டுவிட்டு வந்தாள். இந்தச் சங்கதி எனக்குத் தெரிந்தது அவர் தோற்ற பிறகு. சும்மா தோற்கவில்லை, மூன்றாவது இடம்.

"நூத்தியெட்டு சிதறுகா நேர்ந்திருந்தேன். பிள்ளையாருக்குக் குடுத்து வைக்கல" என்றாள்.

நூற்றெட்டுக் காய் மிச்சம் என்று நான் மனசுக்குள் நினைத்தேன். அந்த நினைப்புக்குத்தான் பிள்ளையார் என்னைத் தண்டித்தார் போலிருக்கிறது. சில மாதம் கழித்து, கட்சி அவரை வடக்கே ஏதோ ஒரு மாநிலத்திலிருந்து மேல்சபைக்கு அனுப்பியது. அடுத்த வருடம் அவர் மத்திய மந்திரி. பேப்பரைக் கொண்டுவந்து காட்டினேன். என் மனைவி சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், அரிவாள்மனையை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"நேர்ச்சை நடத்தணும்லா?"

"அவருதான் தோத்துட்டாரே."

"நான் என்ன கேட்டேன்? அவிய டில்லிக்குப் போகணும்னு கேட்டேன். ஓட்டு வாங்கித்தான் போகணும்னா கேட்டேன்? போயாச்சு."

"சரி. நாளைக்கே காயைக் கொண்டுபோய் உடைச்சிருவோம். நம்ம கடையிலதான் மலையாட்டம் கிடக்கே."

அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே ஏதோ கோளாறு என்று தெரிந்துவிட்டது. "அவிய கையால உடைக்கணும். அப்படித்தான் நேர்ந்திருக்கேன்."

எங்கள் பக்கத்தில் ஆட்கள் தலைமுடியை நேர்ந்துகொள்வார்கள், காவடி நேர்ந்துகொள்வார்கள். எல்லாம் சொந்த உடம்பை வைத்து. இன்னொருத்தர் கையை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேர்ந்துகொண்டவள் என் மனைவி ஒருத்தியாகத்தான் இருப்பாள். கோயிலில் ஆள் வைத்து உடைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "பிள்ளையார் அவரு வார்த்தையைக் காப்பாத்திட்டாரு. இப்பம் நான் என் வார்த்தையை மாத்திச் சொல்லணுமோ?" என்றாள். தேங்காய் என் கடையில். உடைக்க வேண்டிய கை டில்லியில்.

மந்திரியானபின் முதல்முறை ஊருக்கு வந்தபோது புத்தரிக்கண்டம் மைதானத்தில் வரவேற்பு. அவர் கார் எங்கள் கடை வழியாகத்தான் போகும். கோயிலைப் பார்த்ததும் நிச்சயம் இறங்குவார், அப்போது சொல்லிவிடலாம் என்று நல்ல வேட்டி கட்டிக்கொண்டு, பொறுக்கி எடுத்த காய்களைத் தனிச் சாக்கில் வைத்திருந்தேன். காலையிலேயே போலீஸ்காரர் வந்தார்.

"அண்ணாச்சி, இன்னு கட வேண்டா. மூடிக்கோ."

"சாரே, இது வெறும் தேங்காயல்லே?"

"அதுதன்னே பிரஸ்னம். யாரெங்கிலும் எடுத்து எறிஞ்ஞாலோ?"

ஆயுதம் என்று முடிவுகட்டி, காயை எல்லாம் மூடிக் கயிறு கட்டவைத்து, என்னையும் கயிற்றுக்கு அந்தப்பக்கம் நிற்கவைத்தார்கள். கார் வரிசை போனது. எந்தக் காரில் அவர் இருந்தார் என்றுகூடத் தெரியவில்லை. எல்லாக் கண்ணாடியும் கறுப்பு.

"கொள்ளாம் அண்ணாச்சி" என்றாள் பூக்கார சேச்சி. "பண்டு லாரி வந்நப்போ நம்மளை ரட்சிச்சது அங்ஙேரு. இப்போ அங்ஙேரு வந்நு, நம்மட கட பூட்டி." அன்று லாரியிடமிருந்து காப்பாற்றியவரே இன்று வந்து கடையை மூடவைத்துவிட்டார் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

மகளுக்கு அப்போது படிப்பு முடிந்து, ஓவர்பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்து, பேச்சு முற்றும் நேரத்தில் நின்றுபோனது. என் மனைவி போய்ச் சோழி போட்டுப் பிரஸ்னம் பார்த்தாள். ஜோசியர் சோழிகளைத் தள்ளிவிட்டு, இந்த வீட்டில் ஒரு நேர்த்திக்கடன் தீராமல் நிற்கிறது என்று சொல்லிவிட்டார். எந்த வீட்டில்தான் நிற்கவில்லை? ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சு கிடையாது. நேர்ச்சை தீராமல் மகளுக்கு மாலை மாற்றக்கூடாது. ஜாதகத்தைக் கட்டிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

"நீங்க போய்ச் சொன்னாப் போதும். அவிய தட்டமாட்டாவ."

"சொல்லுதேன்."

"எப்பம்?"

"வரட்டும்."

வந்தார். ஸ்ரீவராகத்து வீட்டில் இரண்டு நாள் தங்குகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். முற்றம் முழுக்க ஆட்கள், கையில் மனுக்கள். கண்ணாடி போட்ட ஒரு பி.ஏ. வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"எந்தா காரியம்?"

"தேங்காய்..." என்று தொடங்கினேன்.

"தேங்ஙாயோட விலையல்லே? அது நம்மட டிப்பார்ட்மென்ட் அல்ல. கிருஷி வகுப்பில் போய்ப் பறயூ." விவசாய இலாகாவுக்குப் போகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

எப்படியோ நகர்ந்து நகர்ந்து உள் அறைக்குப் போய்விட்டேன். கர்னல் சோபாவில் இருந்தார். மீசை வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்னய்யா! காய்க்காரர்! வா, வா. என்ன வேணும், சொல்லு."

அறையில் இருபது பேர் இருந்திருப்பார்கள். எல்லார் கண்ணும் என்மேல். 'என் பெண்டாட்டி உங்கள் கையை நேர்ந்துகொண்டிருக்கிறாள்' என்பதை இருபது பேர் நடுவில் எப்படிச் சொல்வது?

"ஒண்ணும் வேண்டாம் சார். சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு."

அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். அதே வலது கை. "பாத்தேளா? காலம்பரலேர்ந்து இந்த ரூமுக்குள்ள வந்தவாள்ல ஒண்ணும் வேண்டாம்னு சொன்னவன் இவன் ஒருத்தன்தான். இவனை மாதிரி ஜனங்களுக்காகத்தான் நான் இதுக்கு வந்தேன்." எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் கைதட்டவும் செய்தார். இதற்கு மேல் நான் எப்படி வாயைத் திறப்பேன்?

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி, "தோளில கைய வச்சாவளா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். "அந்தக் கைய அப்பமே பிடிச்சிட்டு வந்திருக்க வேண்டியதுதானே!" என்று உள்ளே போய்விட்டாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு கல்லூரி விழாவில் கர்னல் என்னைப் பற்றிப் பேசினார். டிவியில் காட்டினார்கள். என் ஊரில் ஒரு தேங்காய் வியாபாரி இருக்கிறார், மந்திரி வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்காமல் போனார், என்று. பெயர் சொல்லவில்லை. ஆனால் பழவங்காடிக்கு யாரென்று தெரியாதா? மறுநாள் முதல் எனக்கு 'ஒண்ணும் வேண்டாத்த அண்ணாச்சி' என்று பெயர். பேரம் பேசுகிறவர்கள்கூட, "அண்ணாச்சிக்கு ஒண்ணும் வேண்டாமல்லோ, ரெண்டு ரூபா குறச்சோ" என்று ஆரம்பித்தார்கள். அவர் அடுத்து வந்தபோதும், அதற்கு அடுத்து வந்தபோதும் அந்த வீட்டு வாசல் வரை போய்த் திரும்பினேன். ஒன்றும் வேண்டாதவன் போய் என்ன கேட்பது?

இதற்கிடையில் நாகர்கோவிலிலிருந்து இன்னொரு வரன். பையன் வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். வந்து பார்த்தார்கள். மகளுக்குப் பிடித்துவிட்டது. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்கள் போனபிறகு அவள் எங்களோடு சண்டை போடவில்லை. பையன் லீவில் வந்து ஆவணிக்குள் கல்யாணம் முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். என் மனைவி தேதி கொடுக்கமாட்டேன் என்கிறாள். ஜாதகம் சாமி படத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. மகள் என்னோடும் பேசுவதில்லை, அம்மாவோடும் பேசுவதில்லை. மூன்று பேர் இருக்கிற வீட்டில் மிக்சி சத்தம் மட்டும்தான்.

அந்த நேரத்தில் டில்லியில் ஆட்சி மாறியது. கர்னல் மந்திரி இல்லை என்றாகிவிட்டது. ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். நல்ல மனிதருக்குப் பதவி போனதில் சந்தோஷப்பட்டவன் நான். இதையும் எழுதத்தான் வேண்டும்.

இந்தத் தடவை என் மனைவியும் கூட வந்தாள். உள்ளே வரவில்லை, நான் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள கேட்டருகே நின்றாள். போலீஸ் இல்லை, பி.ஏ. இல்லை. கர்னல் வராந்தாவில் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். எந்த ஒழுங்கும் இல்லாமல், கல்யாணத்தை முதலில், நேர்ச்சையைக் கடைசியில் சொன்னேன். அவர் பேப்பரை மடித்தார்.

"நூத்தியெட்டா?"

"ஆமா சார்."

"அப்போ, அன்னிக்கு ஆத்துக்கு வந்தது இதைச் சொல்லத்தானா?"

"ஆமா சார்."

"மூணு மாநிலத்துல உன்னைப் பத்திப் பேசியிருக்கேன்யா நான்." குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. ஏதோ நான் அவர் பெட்டியிலிருந்து ஒரு பதக்கத்தை எடுத்துக்கொண்டது மாதிரிப் பார்த்தார். "நான் எந்தப் பிள்ளையார்கிட்டயும் பதவி கேக்கலை. என் கையைக் குடுக்கறேன்னு சொல்ல உன் ஆத்துக்காரிகிட்ட யார் சொன்னா?"

நான் தரையைப் பார்த்தேன். கேட்டிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"அன்னைக்கு லாரிக்கு முன்னால வந்து நில்லுங்கன்னு உங்ககிட்ட யாரு சொன்னா சார்? நீங்களாத்தானே வந்திய?"

கர்னல் எட்டிப் பார்த்தார். மீசைக்குள் சிரித்தார். "உன்னை அனுப்பினது தப்புய்யா. இவாளையே அனுப்பியிருக்கணும். நாளைக்குக் காலம்பர வரேன்."

வந்தார். முதல் காய் பழையபடி உடைந்தது. ஏழெட்டுக் காய்க்குப் பிறகு கை மேலே எழவில்லை. உள்ளே கிடந்த இரும்பு அவருக்கு வயதானதைச் சொல்லிவிட்டது. இடது கையால் போடட்டுமா என்று கேட்டார். என் மனைவி வேண்டாம் என்று தலையசைத்தாள். "மெதுவா, நாளைக்கு மிச்சம்" என்றாள், மருந்து கொடுக்கிற நர்ஸ்போல.

அப்படித்தான் அது தினசரி வேலையானது. நடை திறக்கும் நேரத்துக்குச் சரியாக வருவார். ஒரு நாளைக்கு ஐந்து, முடிந்தால் ஆறு. பிறகு என் கடையில் கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்து டீ குடிப்பார். பனிமலையில் தண்ணீர் உறைந்து டின்னை வெடிக்கவைத்ததை, மந்திரியான முதல் நாள் ஆபீசில் தன் நாற்காலி எது என்று தெரியாமல் நின்றதை, ஒரு ஃபைலை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்த்த முடியாமல் தவித்ததையெல்லாம் சொல்வார். "பட்டாளத்துல ஒரு தடவை சொன்னா நடக்கும். அங்கே சொன்னதெல்லாம் சரின்னு தலையாட்டுவா. ஒண்ணும் நடக்காது. ஒரு ஓடையைத் திறந்த திருப்திகூட மந்திரியா இருந்த காலத்துல கிடைக்கலைய்யா" என்று ஒருநாள் சொன்னார். வழியில் போகிறவர்கள் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. தேங்காய் வாங்க வந்த ஒரு பையன் அவரிடமே விலை கேட்டான். அவரும் சொன்னார். சரியான விலைதான்.

என் மனைவி தினமும் ஒரு கணக்கு வைத்திருந்தாள். ஆவணிக்கு முன் முடிந்துவிடும் என்று தெரிந்ததும், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஜாதகத்தை எடுத்து முன்னால் வைத்தாள். வீட்டில் மெல்லப் பேச்சு திரும்பியது. ஒன்பது காய் பாக்கி.

அடுத்த நாள் அவர் வரவில்லை. உச்சிப் பூஜை முடியும் வரை பார்த்தோம். பூக்கார சேச்சிதான் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து சொன்னாள். கட்சி அவரைத் தேசிய அளவில் பெரிய பொறுப்புக்குக் கூப்பிட்டிருக்கிறது, காலை விமானத்தில் டில்லி போய்விட்டார். சொல்லிக்கொள்ளவில்லை. அவசரமாக இருந்திருக்கும். தலைவர்களுக்கு எப்போதும் அவசரம்தான்.

என் மனைவி சாக்கின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஒம்பது" என்றாள். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில், அந்தப் பெட்டியை எட்டி உதைத்தேன். வலித்தது எனக்குத்தான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மகள் அங்கே வந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள். சேச்சி விஷயத்தைச் சொன்னாள்.

"நல்லது. அடுத்து பிரதமர் ஆவாரு. அதுக்கும் ஆயிரத்தெட்டு நேர்ந்துக்கோம்மா" என்று சொல்லிக்கொண்டே ஒரு காயை எடுத்தாள்.

"வைடி கீழ. அது அவிய கையால..."

"அவிய கைக்கு நோவு. ஆளும் ஊர்ல இல்ல. கல்யாணம் அவருக்கா, எனக்கா? பிள்ளையாருக்குக் கோவம் வந்தா எம்மேல வரட்டும்."

தெருவைக் கடந்து போனாள். நாங்கள் பின்னால் ஓடினோம். அவள் போட்ட முதல் காய் உடையாமல் உருண்டு சுவரில் போய் முட்டி நின்றது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மகள் போய் எடுத்துவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எறிந்தாள். உடைந்தது. கையை நீட்டினாள், அடுத்த காய்க்கு. நீட்டியது என்னிடம் இல்லை, அம்மாவிடம். என் மனைவி ஒரு நிமிடம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கடைக்கு வந்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, நல்ல காயாக எட்டு எடுத்து மடியில் போட்டுக்கொண்டு போனாள்.

கல்யாணம் ஆவணியில் நாகர்கோவிலில் நடந்தது. கர்னலுக்குப் பத்திரிகை அனுப்பினோம். பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் கடைக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீக்கடை டிவியில் அவர். பின்னால் பெரிய மேடை, கழுத்தில் ஆள் உயரத்துக்கு மாலை. இந்தியில் பேசினார், கீழே எழுத்து ஓடியது. என் ஊரில் ஒரு தேங்காய் வியாபாரி இருக்கிறார், என் வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்காமல் போனார், என்றார். எல்லாம் தெரிந்த பிறகும், என் பெட்டியில் உட்கார்ந்து அத்தனை டீ குடித்த பிறகும், ஒரு வார்த்தை மாறாமல் அதையே சொன்னார்.

"கேட்டேன்!" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அத்தனை பேர் நடுவில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "நான் கேட்டேன். நூத்தியெட்டு கேட்டேன். தொண்ணூத்தொம்பதுதான் தந்தாரு."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டிவியில் கைதட்டல் அவ்வளவு பலமாக இருந்தது.